இடின்னு எழுதுன கேசட்டு

இந்தாப்பா தம்பி, கொஞ்சம் இப்படித் திரும்பு. தோளக் காட்ட வேணாம், பனியனக் காட்டு. கறுப்பு பனியன், மண்டையோடு, கீழ முள்ளுவேலி மாதிரி ஒரு பேரு. அது இன்னா குரூப்புன்னு தெரிஞ்சுதான் போட்டுக்கினு கீறியா, இல்ல கடையில தொங்குச்சுன்னு வாங்கிட்டியா? தெரிஞ்சுதானா. சரி. அப்ப ஒண்ணு சொல்லு. முதல்ல எதக் கேட்ட? உன்ன இந்த மெட்டல் பாட்டுக்குள்ள இழுத்துப் போட்டது எந்த ஆல்பம்?

யோசிக்கிற பாரு. யோசிச்சா பொய்தான் வரும். சட்டுனு சொல்லு.

ஃபோன்லயா? 'புதுசா கேக்கிறவங்க இதுலேர்ந்து ஆரம்பிங்க'ன்னு எவனோ வரிசையாப் போட்டிருந்தானா? நாசமாப் போச்சு. கொழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி, முதல்ல பருப்பு, அப்பால ரசம், நாலு மாசம் கழிச்சு ஒரு துண்டு கறி. எங்க காலத்துல வந்து இதச் சொல்லியிருந்தன்னு வை, உன்னோட இன்னொரு தோளையும் நானே இறக்கி வுட்டிருப்பேன். கோச்சுக்காத, சும்மா சொல்றேன். நான் சண்டைக்குப் போற ஆளே இல்ல. காசிமேடு பக்கம் பிலவேந்திரன்னு யாரக் கேட்டாலும்... வேணாம், யாரையும் கேக்காத. நானே சொல்றேன்.

கையா? ஒடிஞ்சுபோச்சு. விரலுக்குப் பின்னாடி கீற எலும்பு ரெண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஒடிஞ்சுதுன்னு கேப்பான். மூஞ்சில பட்டு ஒடிஞ்சுதுன்னா போலீசுக்கு எழுதி அனுப்புவான். இங்க புத்தூர் கட்டுல அந்தப் பேஜாரு கிடையாது. முட்டை வெள்ளக்கரு, பச்சிலை, மூங்கில் பத்தை, ஒரே ஒரு இழுப்பு. அந்த இழுப்புலதான் உயிர் போவும்ன்றாங்க. உள்ள ஒருத்தன் கத்துறான் பாரு, கேட்டியா? நல்ல குரல். எங்க குரூப்புல பாட வெச்சிருக்கலாம்.

யார் மூஞ்சியா? என் மச்சான் மூஞ்சிதான். என் சம்சாரம் ரெஜினா கூடப்பொறந்த அண்ணன். ஜெயசீலன்னு பேரு, சீலன்னுதான் கூப்பிடுவோம். மச்சான் ஆவறதுக்கு முன்னாடியே சேக்காளி. அரை டவுசர் காலத்துப் பழக்கம். நேத்து மத்தியானம் அவன் தாடைல ஒண்ணு வுட்டேன். ஒண்ணே ஒண்ணு. தப்பு என் மேல இல்ல. ஆரம்பத்துலேர்ந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும். நம்ம டோக்கன் வர இன்னும் நேரம் கீது, கேளு.

எங்க நைனா ஐஸ் பாக்டரில வேலை. பார் பாரா வர்ற ஐஸக் கொக்கி போட்டு இழுத்து, அரைக்கிற மெஷினுக்குள்ள தள்ளணும். அந்தப் பக்கம் தூளா வந்து விழும், மீன்காரங்க அள்ளிக்கினு போவாங்க. பள்ளிக்கூடத்த வுட்டு என்னையும் அங்கயே சேத்துட்டாரு. நைனாவுக்குக் கோபம் வந்தா கொக்கியத் திருப்பிப் புடிச்சு அதோட கட்டையால அடிப்பாரு. ஐஸ் உடைஞ்சா அடி, லோடு லேட்டானா அடி, ஒண்ணும் இல்லன்னா சும்மா கீறன்னு அடி. நான் வாயத் தொறக்க மாட்டேன். மெஷின் போடுற சத்தத்துல தொறந்தாலும் யாருக்குக் கேக்கும்?

சீலனோட மாமா ஒருத்தர் கப்பல்ல வேலை பாத்தாரு. வரும்போதெல்லாம் செண்டு, சாக்லேட், கேசட்டு. ஒரு வாட்டி பெரிய டேப்பு ஒண்ணு கொண்டாந்தாரு, ரெண்டு கேசட்டு போடுறது. இதுல ஓடுறத அதுல பதிவு பண்ணிக்கலாம். அப்பதான் அவரு கூட வேலை பாத்த எவனோ ஒரு வெள்ளக்காரன் கேசட்டு அவரு பையோட கலந்து வந்துடுச்சு. காலைல கப்பலுக்குத் திரும்பணும், கேசட்டையும் திருப்பிக் குடுக்கணும். சீலன் அவசர அவசரமா எனக்கு ஒண்ணு பதிவு பண்ணிட்டான். குரூப்பு பேரு இன்னா, எந்த ஊரு, ஒண்ணும் எழுதி வெச்சுக்கல. கேசட்டு மேல பால்பாயிண்ட் பேனாவுல 'இடி'ன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தான். அவ்ளோதான். ஒரு பக்கம் கூட ரொம்பல, இருபத்தி சொச்சம் நிமிஷத்துல மொத்த ஆல்பமும் முடிஞ்சிரும். மிச்சம் பூரா வெறும் இரைச்சல்.

வீட்ல கீற சின்ன டேப்பத் தூக்கிக்கினு போயி பாக்டரி மாடில மோட்டார் ரூம்ல உக்காந்து கேட்டேன். அன்னிக்குக் காலைலதான் முதுகுல நைனா வெளுத்துத் தள்ளியிருந்தாரு, சாய முடியாம குனிஞ்சு உக்காந்திருந்தேன். பட்டன அமுக்குனேன். தம்பி, எப்படிச் சொல்றது... அது பாட்டே இல்ல. ஒருத்தன் அடிக்கிறான் பாரு, டிரம்ஸ அடிக்கல, யாரையோ அடிக்கிறான். நிறுத்தாம அடிக்கிறான். இன்னொருத்தன் கழுத்தறுபட்ட பூனை மாதிரி கத்துறான். நான் எத்தினி வருஷமாக் கத்தாம வெச்சிருந்தேனோ அத மொத்தமா எவனோ எனக்காகக் கத்திக்கினு கீறான். எனக்கு அழுகை வந்துடுச்சு. சிரிப்பும் வந்துச்சு. முடிஞ்சதும் திரும்ப ஓட்டி வெச்சுக் கேட்டேன். கீழ நைனா என் பேரச் சொல்லிக் கத்துறாரு, நான் போவல. வாழ்க்கைல முதல் வாட்டி போவல. உன் ஃபோன்ல எவனோ போட்டானே வரிசை, அதுல இது வருமா, சொல்லு?

அன்னிலேர்ந்து அவன மாதிரி அடிக்கணும், அதான் ஒரே நெனப்பு. டிரம்ஸுக்கு எங்க போறது? மீன் பெட்டியக் கவுத்துப் போட்டு, உடைஞ்ச துடுப்ப ரெண்டாச் செதுக்கி, அதுல அடிச்சேன். கை அந்த வேகத்துக்குப் போவாது. எப்படிப் போவும்? மனுசன் அடிக்கிற வேகமே இல்ல அது. தோல் கிழியும், ரத்தம் பெட்டில ஒழுவும், மீன் ரத்தம்னு சொல்லிக் கழுவி வுட்டுடுவேன். ஐஸ் தண்ணில கைய வெச்சா வெறச்சுப் போவும், வலி தெரியாது, திரும்ப அடிப்பேன். ரெண்டு வருஷம் தம்பி. ரெண்டாவது வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு நாள் அந்தக் கேசட்டோட சேந்து முதல் பாட்டு முழுசா அடிச்சேன். சீலன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். கைதட்டுவான்னு பாத்தா வெறிச்சுப் பாத்துக்கினு நிக்கிறான். பொறாமைன்னு அப்ப நெனச்சேன். இப்பயும் அதான் நெனக்கிறேன்.

நைனாவுக்கு அந்தச் சத்தம் ஆவல. வீட்ல பேய் பூந்துடுச்சுன்னாரு. அம்மா வேளாங்கண்ணித் தண்ணியக் கொண்டாந்து டேப்பு மேலத் தெளிச்சு, அது ஒரு வாரம் ஓடல. அப்பயும் நான் பொறுமையாத்தான் இருந்தேன். அப்பால ஒரு நாள் நைனா டேப்பத் தூக்கிக்கினு நேரா பாக்டரிக்குப் போயி ஐஸ் மெஷினுக்குள்ள போட்டுட்டாரு. கரகரன்னு அரைச்சுது. ஸ்பீக்கர், ஸ்பிரிங்கு, எல்லாம் ஐஸ்தூளோட வந்து விழுது. கேசட்டு தப்பிச்சுது, என் சட்டைப் பையில இருந்துச்சு. நைனா அதையும் குடுன்னு பையில கைய வெச்சாரு. நான் அவரு கையப் புடிச்சேன். அடிக்கல தம்பி, சத்தியமா. சும்மா புடிச்சேன். மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு, அவரு முதுகு மெஷின் வாய்ப் பக்கம் இருந்துச்சு, நான் கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்கினு நின்னேன். அவ்ளோதான். அதுக்கே அவரு மணிக்கட்டு வீங்கி, இதே மாதிரி ஒரு எடத்துல கட்டு போட்டாங்க. அதுக்கப்பறம் அவரு என்ன அடிக்கல. என்கிட்ட பேசவும் இல்ல. சாவுற வரைக்கும்.

பேச இன்னா கீது? எனக்குத்தான் இடி இருந்துச்சே.

அப்பால குரூப்பு ஆரம்பிச்சோம். எலும்புக்கூடைன்னு பேரு வெச்சோம், மீன் கூடை மாதிரி எலும்புக்கு ஒரு கூடை. சீலன் கிட்டாரு, நான் டிரம்ஸு, இன்னும் ரெண்டு பேரு வருவானுங்க போவானுங்க. பாக்டரி மாடிதான் எடம். புதுசா எவன் வந்தாலும் முதல் கேள்வி, உன்னக் கேட்டேனே, அதான்: முதல்ல எதக் கேட்ட? சினிமாப் பாட்டுலேர்ந்து நேரா வந்தேன்னா வுட்டுடுவோம். பாவம், தெரியாது. ஆனா மெதுவான, மெத்து மெத்துன்னு கீறத எதனா சொல்லி, அதான் மெட்டலுன்னா, மவனே, மாடிப்படில உருண்டுக்கினு போவான். நான் தள்ள மாட்டேன். படி ஈரமா இருக்கும். தேறினவனுக்கு இடியப் போட்டுக் காட்டுவோம். அதப் பதிவு எடுக்கவும் வுட மாட்டேன், கைல குடுக்கவும் மாட்டேன். வந்து உக்காந்து கேட்டுட்டுப் போ. எத்தினி பேரு அந்தக் கேசட்டக் கேட்டு வேலைய வுட்டானுங்க, முடி வளத்தானுங்க, அப்பன எதுத்தானுங்க தெரியுமா? எங்க பக்கத்துல மெட்டல் கேக்கிறவன் எவனா இருந்தாலும் அவன் வாசல் அதான். நான் தொறந்து வுட்ட வாசல்.

ஒரு வாட்டி ஒரு கல்யாண மண்டபத்துல கச்சேரி. நாங்களும் நுங்கம்பாக்கம் பக்கத்துப் பசங்க குரூப்பு ஒண்ணும். நாங்க அடிச்சு முடிச்சதும் கூட்டம் நாற்காலியத் தூக்கித் தூக்கி எறியுது, மண்டபத்துக்காரன் அழுவுறான், அவ்ளோ சந்தோஷம். அந்தக் குரூப்பு டிரம்மர் வந்து கை குடுத்தான். "அண்ணா, இந்த வேகம் எங்க கத்துக்கிட்டீங்க?"ன்னு மரியாதையாக் கேட்டான். நானும் ஆசையா கேசட்டப் போட்டுக் காட்டுனேன். அவன் ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "இது மனுசன் வாசிச்ச மாதிரி இல்லையே, டேப்புல ஏதோ கோளாறு"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல, அத மட்டும்தான் சொன்னான். அடுத்து எனக்குத் தெரிஞ்சது, அவன் கீழ கெடக்கான், அவனோட டிரம்ஸ் தாளத் தட்டு அவன் வாய் மேல கீது, சீலன் என் இடுப்பக் கட்டிப் புடிச்சு இழுக்கிறான். அந்தப் பையனுக்கு உதட்டுல தையல். நான் கேட்டேன், "சீலா, நீயே சொல்லு, நீதானே பதிவு பண்ண, கோளாறா அது?" அவன் என் மூஞ்சியப் பாக்காம, "வா பிலவு, போலாம்"ன்னான். பாத்துக்கோ, கோளாறுன்னு சொல்லல. அன்னிக்கு சொல்லியிருக்கலாம்ல?

அப்பால எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம். தங்கச்சியக் குடுத்துட்டு சீலன் கப்பலுக்குப் போயிட்டான். குரூப்பு கலைஞ்சுது. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் பாக்டரி, வீடு, மாடில என் டிரம்ஸு. தெனமும் ஒரு தடவ இடி. டேப்பு மாறிச்சு, நாடா அறுந்து ஒட்டுனேன், கேசட்டு அதேதான். அடிக்கலன்னா நான் யாரு, சொல்லு? ஐஸ் இழுக்கிறவன். காசிமேட்டுல ஆயிரம் பேரு இழுக்கிறான். அந்த வேகத்துல அடிக்கிறவன் மெட்ராஸ்லயே நான் ஒருத்தன்தான்.

இப்ப கொஞ்ச நாளா கைல ஒரு தெனவு. வலி இல்ல. ராவுல எரியும், அவ்ளோதான். டீ கிளாஸு கைலேர்ந்து நழுவுது, கிளாஸு இப்பல்லாம் வழுவழுன்னு பண்றானுங்க. சட்டைப் பட்டன் மாட்ட முடியல, அது துணி சரியில்ல. ரெஜினா கெடந்து அனத்துனான்னு ஒரு டாக்டரப் போயிப் பாத்தேன். அவன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ரெண்டு கையிலயும் நரம்பு செத்துக்கினு வருது, இத்தினி வேகமா வேலை குடுக்காத, வுடலன்னா ஸ்பூன் கூடப் புடிக்க முடியாதுன்னான். அவன் மேசைய அவன் மேலயே கவுத்துட்டு வந்தேன். நரம்பு செத்துதாம். செத்த கையா மேசையக் கவுக்கும்?

ரெஜினா அன்னிக்கு அவ அண்ணனுக்கு ஃபோன் போட்டு ரொம்ப நேரம் அழுதுக்கினு இருந்தா. இன்னா ஓதுனாளோ தெரியல. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகைதான்.

போன மாசம் சீலன் கப்பல் வேலைய முடிச்சுக்கினு ஒரேயடியா ஊருக்கு வந்துட்டான். வந்ததும் பழைய பசங்களக் கூட்டி, எலும்புக்கூடையத் திரும்ப ஆரம்பிக்கலாம்னான். மீனவர் சங்கத்து ஹால்ல அடுத்த மாசம் கச்சேரின்னு பேசி முடிச்சாச்சு. எனக்குக் குஷி. ஒத்திகைக்கு உக்காந்தோம். முதல் பாட்டு பாதில குச்சி பறந்துபோயி ஜன்னல் கண்ணாடில பட்டுச்சு. திரும்ப ஆரம்பிச்சோம், திரும்பப் பறக்குது. நான் சொன்னேன், "நீங்கள்லாம் கிழவனுங்க ஆயிட்டீங்கடா, உங்க ஸ்பீடுக்கு என்னால எறங்க முடியல"ன்னு. சீலன் மட்டும் என் கையவே பாத்துக்கினு இருந்தான்.

நேத்து ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு எல்லாரும் பாக்டரி மாடில. பிரியாணி வந்துச்சு. சாப்ட்டு முடிச்சதும் சீலன் ஒரு பெட்டியத் தொறந்தான். ரெக்கார்டு பிளேயர், பெரிய தட்டு போடுறது. கூட ஒரு ரெக்கார்டு, உறை மேல கறுப்பா கடலு, வேற ஒண்ணும் இல்ல. "பிலவு, உனக்காக எத்தினியோ துறைமுகத்துல தேடுனேன்டா, கடைசியா ஒரு பழைய கடைல கெடைச்சுது"ன்னான். "இதக் கேளு. முழுசாக் கேளு. அப்பால பேசு"ன்னான்.

போட்டான். தம்பி, மெதுவான பாட்டு. சவ ஊர்வலத்துக்கு நடக்கிற மாதிரி. டிரம்ஸுக்காரன் ஒரு அடி அடிச்சிட்டு வீட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு வந்து அடுத்த அடி அடிக்கிறான். பாடுறவன் கெணத்துக்குள்ளேர்ந்து முனகுறான். எனக்குச் சிரிப்பு. "இன்னா மச்சான், தூங்க வெக்கிறியா?"ன்னேன். எவனும் சிரிக்கல. அப்ப முதல் பாட்டு முடிஞ்சு ரெக்கார்டுல ஒரு மணிச் சத்தம் வந்துச்சு.

இடில முதல் பாட்டு முடிஞ்சதும் ஒரு மணி வரும். கிளிங்குனு சைக்கிள் பெல்லு மாதிரி. அந்த மணிக்கப்பறம் ஒரு சின்ன இருமல், எவனோ தெரியாம இருமியிருப்பான், அதுவும் அதுல பதிவாயிருக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். இதுலயும் மணி. ஆனா எங்க கோயில்ல சாவுக்கு அடிப்பாங்களே, அந்த மணி. டங்ங்... அது அடங்கி, அப்பால ஒரு கெழவன் நெஞ்சுலேர்ந்து இருமுறான்.

அதே எடம், அதே மணி, அதே இருமல்.

சீலன் கிட்ட வந்து உக்காந்தான். மெதுவாச் சொன்னான். மாமா கொண்டாந்த டேப்புல, சீக்கிரமாப் பதிவு பண்ண ஒரு பட்டன் இருந்துச்சாம். அத அமுக்குனா ரெண்டு கேசட்டும் வேகமா ஓடணுமாம். அந்த டேப்புல பாட்டு இருக்கிற கேசட்டு மட்டும்தான் வேகமா ஓடியிருக்கு, பதிவாவுற கேசட்டு எப்பவும் போல ஓடியிருக்கு. அதனால எனக்குக் குடுத்தது ரெண்டு மடங்கு வேகத்துல ஏறிடுச்சாம். ஒரு வாரம் கழிச்சு அவங்க அம்மாவுக்கு ஞானப்பாட்டு பதிவு பண்ணிக் குடுத்தானாம், ஃபாதர் எலி மாதிரிக் கீச்சுக் கீச்சுன்னு பாடுனாராம். அப்பதான் புரிஞ்சுதாம். என்கிட்ட சொல்ல ஓடி வந்தானாம். வந்து பாத்தா நான் மீன் பெட்டில அடிச்சுக்கினு கீறேனாம், கையெல்லாம் ரத்தமாம், முதுகுல வரி வரியா நைனா போட்ட காயமாம், மூஞ்சி மட்டும் சிரிச்சுக்கினு கீதாம். "உன் மூஞ்சி சிரிச்சு நான் அன்னிக்குத்தான்டா பாத்தேன். எப்படிச் சொல்றது? சொல்லாமத் திரும்பிப் போயிட்டேன்"னான்.

கேட்டியா கதைய? தெரிஞ்சே இத்தினி வருஷமா மறைச்சிருக்கான். மனுசன் அடிக்காத வேகத்த நான் ரெண்டு வருஷம் ரத்தம் சிந்தி அடிச்சுப் புடிச்சப்ப பக்கத்துல நின்னுக்கினு பாத்தான். மண்டபத்துல ஒருத்தன் வாயக் கிழிச்சேன், அப்பவும் பாத்தான். நைனாவ மெஷின் வாயில நிறுத்துனேனே, அது எதுக்காக? ஒரு பட்டனுக்காகவா?

சுத்தி எல்லாரும் சிரிச்சானுங்க. சத்தமா சிரிக்கல. ஒருத்தன் அழுத மாதிரிதான் இருந்தான், ஆனா உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பான், எனக்குத் தெரியாதா? அப்ப சீலன் என் கையப் புடிச்சுத் தடவுறான். "உன் கை போதும்டா, இனிமே அந்த வேகம் வேணாம். கச்சேரில இத அடி. இதுதான் அவங்க நெசமா வாசிச்சது. இந்த வேகத்துல நீ சாவுற வரைக்கும் அடிக்கலாம் மச்சான், நான் பக்கத்துல நிக்கிறேன்"ன்னான்.

எவ்ளோ கொழுப்பு பாரு. மாடிப்படில உருட்டி வுட்டேன்னு சொன்னேன்ல, மெதுவான பாட்டச் சொன்னவனையெல்லாம்? அவனுங்க வரிசைல என்ன நிக்க வெக்கிறான். மெட்ராஸ்லயே வேகமா அடிக்கிறவன.

ரெக்கார்டு ஓடிக்கினு இருக்கும்போதே பிடுங்கி முட்டில வெச்சு உடைச்சேன். பிளேயர ஜன்னல் வழியா எறிஞ்சேன், கீழ ஐஸ் தொட்டில போயி விழுந்துச்சு. சீலன் "அடிச்சுக்கோடா, ஆனா கையால வேணாம், கை போயிடும்"ன்னான். கையால வேணாமாம்! அப்பதான் வுட்டேன். தாடைல. சத்தம் கேட்டுச்சு, பார் ஐஸ் கொக்கி பட்டு விரியுமே அப்படி. அவன் தாடைதான்னு நெனச்சேன். ரெண்டும்தான். அவன் பல்லு ரெண்டு தரைல. நான் முட்டி போட்டு உக்காந்துட்டேன். கத்துனேன்னு சொல்றானுங்க. எனக்கு ஞாபகம் இல்ல.

திரும்ப அடிக்கல அவன். ரத்தத்தத் துப்பிட்டு முதல்ல என் கையப் பாத்தான். ஐஸ் அள்ளி ஒரு துண்டுல கட்டி என் கைல வெச்சான். தாடைக்கு ஒண்ணும் வெச்சுக்கல. பழி போடத்தான் தம்பி, வேற எதுக்கு? நாலு பேரு பாக்கிற மாதிரி நல்லவனா நடிச்சா, நான்தான் கெட்டவன்னு ஆவுமில்ல. இன்னிக்குக் காலைல இங்க கூட்டிக்கினு வந்ததும் அவன்தான். ரெஜினா வரல. நேத்துலேர்ந்து என் மூஞ்சில முழிக்க மாட்றா.

அதோ வர்றான் பாரு, டீ வாங்கிக்கினு. தலையச் சுத்தித் துணி கட்டிக்கினு கீறான்ல, அவன்தான். வந்ததுமே அவனுக்குக் கட்டி முடிச்சாங்க. வாயத் தொறக்கவே கூடாதாம், கஞ்சிய உறிஞ்சித்தான் குடிக்கணுமாம். நிம்மதி. இனிமே எந்தக் கதையும் சொல்ல மாட்டான்.

இப்ப பாரு, கிளாஸ என் வாய்கிட்ட அவனே புடிப்பான். இடது கை நல்லாத்தான் கீது, நானே புடிச்சுக்குவேன். கிளாஸு சூடு, அதான். ஊதிக் குடுறா சீலா. வாயத் தொறக்க முடியாதுல்ல உனக்கு, சரி, நானே ஊதுறேன்.

இன்னா தம்பி, பெஞ்சையே பாக்குற?

தட்டுறேனா? நானா? இல்லையே. ஆமா, இடது கை தட்டுது. அது பாட்டுக்குத் தட்டுது, நான் இன்னா பண்றது? சும்மா உக்காந்தா தட்டும், டிரம்ஸுக்காரன் கை. இடிதான் தட்டுது, வேற எதத் தட்டும்? மெதுவாவா? மெதுவாவா தட்டுறேன்?

அந்த ரெக்கார்ட ஒரு தடவதான் கேட்டேன் தம்பி, அதுவும் பாதி. அதையும் உடைச்சுட்டேன். அப்பறம் எப்படி இவ்ளோ சரியா வருது? ஒரு அடி கூடத் தப்பல, கேளு. ஆங், இப்ப கொஞ்சம் நிறுத்தணும். இங்க மணி வரும். அது அடங்கட்டும். இருமட்டும் அந்தக் கெழவன். இப்ப... டம். கேட்டியா? வலியே இல்ல. இந்தக் கையில நேத்து வரைக்கும் எரிச்சல் இருந்துச்சு, இப்ப ஒண்ணும் இல்ல.

டேய், நீ ஏன்டா அழுவுற? தாடை வலிக்குதா? டீ சிந்துது பாரு, ஒழுங்காப் புடி. சிரிக்கிறியா அழுவுறியா, ஏதாவது ஒண்ணு பண்ணு. சிரிச்சன்னு வை, இடது கை இன்னும் மிச்சம் கீது, சொல்லிட்டேன்.

எங்க டோக்கனக் கூப்பிடுறாங்களா? நீ முன்னாடி போயிடு தம்பி. உனக்குத் தோள் வலிக்கும். நாங்க அப்பால வர்றோம். இந்தப் பாட்டு முடியட்டும். மெதுவான பாட்டு, முடிய நேரம் ஆவும்.